எந்த மிஷினை வாங்குவது? 1850களின் கத்தோலிக்கப் பதிப்பாளருக்கு ஒரு கணக்கு

எங்கள் ஊரில் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷின் உள்ள அச்சகம் ஒன்று இருந்தது. பங்குக் கோயில் பொன்விழாவுக்காக நவநாள் செபப் புத்தகம் ஒன்றை அங்கே அடித்தோம். பிழைதிருத்தம் என் பொறுப்பு. இரண்டு ஃபாரம், அதாவது 32 பக்கம், ஆயிரம் பிரதி. கொடியேற்றத்தன்றே எல்லாம் தீர்ந்துபோக, இன்னும் 500 வேண்டும் என்றார் பங்குச் சாமியார். அச்சகத்துக்கு ஓடினேன். ஈய எழுத்துகளைக் கோர்க்கும் கம்பாசிட்டர் உதட்டைப் பிதுக்கினார். எழுத்தையெல்லாம் பிரித்து, அறை அறையாக உள்ள எழுத்துத் தட்டான கேஸில் போட்டாயிற்றாம். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் இருந்த ஈயமே அவ்வளவுதான், கல்யாணப் பத்திரிகை சீசன் வேறு. மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து கோத்தார்கள். அவசரத்தில் பார்த்த ப்ரூஃபில் ஒரு வரி என் கண்ணுக்குத் தப்பிவிட்டது: ‘எங்களுக்காக வேண்டிக்கொல்லும்’. முதல் ஆயிரம் பிரதியில் அது ‘வேண்டிக்கொள்ளும்’தான்.

அந்த 500 பிரதியை மிஷின் ஒரே நாளில் அடித்துத் தள்ளிவிட்டது. கோர்ப்பதற்குத்தான் பத்து நாள் ஆனது. அன்றிலிருந்து பழைய அச்சகங்களைப் பற்றி எதைப் படித்தாலும் என் கண் முதலில் மிஷின் பக்கம் போவதில்லை. கேஸ் எத்தனை, கம்பாசிட்டர் எத்தனை பேர், அச்சடித்து முடிந்ததும் பக்கங்களை என்ன செய்தார்கள் என்றுதான் தேடும்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரு கத்தோலிக்கப் பதிப்பகம் தொடங்குகிற ஆளை எடுத்துக்கொள்வோம். பாதிரியாராக இருக்கலாம், துறவற மடமாக இருக்கலாம், ஆயரின் ஆசி பெற்ற வியாபாரியாகவும் இருக்கலாம். கையில் ஓரளவு பணம் இருக்கிறது. அச்சடிக்க வேண்டியவை செபப் புத்தகம், ஞானோபதேசம் என்கிற மறைக்கல்விக் கேள்வி பதில் நூல், புனிதர் வரலாறு, மாதாந்தரச் சிறுநூல், முடிந்தால் ஒரு பூசைப் புத்தகம். எந்த மிஷினை வாங்குவது? நம்மூர்க் கடைக்காரர் கேட்கிற மாதிரி, ‘பட்ஜெட் எவ்வளவு?’ என்று ஆரம்பித்தால் தப்பான மிஷின்தான் வீட்டுக்கு வரும். ஒரு புத்தகம் எத்தனை பிரதி போகும், எத்தனை தடவை மறுபடி அடிக்க வேண்டியிருக்கும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும்.

முதலில் கை அச்சு. குட்டன்பர்க் காலத்திலிருந்து மூன்றரை நூற்றாண்டு பெரிதாக மாறாமல் இருந்த மர அச்சில் ஒரு பெரிய தாளின் ஒரு பக்கத்தை அடிக்க இரண்டு இழுப்பு வேண்டும். அழுத்துகிற பலகை சிறியது; பாதியை அழுத்திவிட்டு, எழுத்து இருக்கும் படுகையை நகர்த்தி, மீதியை அழுத்துவார்கள். 1800 வாக்கில் ஸ்டான்ஹோப் பிரபு இரும்பில் செய்த அச்சு வந்தது. முழுத் தாளும் ஒரே இழுப்பில் விழுந்தது, கைக்கும் நோவு குறைந்தது. ஆனால் மணிக்கு 200, 250 தாள் என்ற கணக்கு மட்டும் பெரிதாக ஏறவில்லை. ஒருவர் மை தடவ, இன்னொருவர் தாளை வைத்து இழுக்க, அந்த இரண்டு மனிதர்களின் உடம்புதானே வேகம். அப்புறம் 1813இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளைமர் செய்த கொலம்பியன் வந்தது. இழுக்கிறபோது அதன் உச்சியில் இருக்கிற இரும்புக் கழுகு எழும்பி இறங்கும். அழகுக்கு வைத்தது மாதிரி தெரிந்தாலும் எதிர்ப்பாரமே அதுதான். 1820 வாக்கில் லண்டனில் வந்த ஆல்பியன் இதைவிட இலேசானது, சிக்கலும் குறைவு. இந்த இரண்டில் எது என்று கேட்டால் யோசிக்காமல் ஆல்பியன் என்பேன். கழுகுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கை அச்சை ஏளனமாகப் பேசுகிறவர்கள் கேரளத்து மன்னானத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கோட்டயத்தில் 1821லேயே பெஞ்சமின் பெய்லியின் புராட்டஸ்டண்ட் மிஷன் அச்சகம் இருந்தது. அருகில் மன்னானத்து மடத்தில் இருந்த குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா, தங்களுக்கும் ஓர் அச்சு வேண்டும் என்று திருவனந்தபுரம் போய் அரசாங்க அச்சகத்தைப் பார்த்து வந்தார். பார்த்ததை வாழைத்தண்டில் மாதிரியாகச் செய்துகாட்டி, உள்ளூர்த் தச்சரைக் கொண்டு மரத்தில் அச்சு செய்ய வைத்தார் என்பது அந்த மடத்தின் பாரம்பரியம் சொல்கிற செய்தி. 1846இல் அதில் முதல் புத்தகமாக ‘ஞானபீயூஷம்’ வந்தது. லண்டனில் ‘தி டைம்ஸ்’ பத்திரிகை நீராவியில் ஓட ஆரம்பித்து 32 வருஷம் கழித்து, ஒரு மர அச்சு! பின்தங்கிய முடிவு என்று சொல்லலாமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பழுதானால் சரிசெய்யத் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருக்கிறார், உதிரி பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டாம், வாசகர் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. 41 வருஷம் கழித்து, 1887 ஏப்ரலில், அதே மன்னானத்திலிருந்து ‘நஸ்ராணி தீபிகை’ என்ற பத்திரிகை வெளிவந்தது. மர அச்சிலேயே நின்றுவிடவில்லை. வாசகர் வந்தபிறகு மற்றது வந்தது.

அடுத்தது சிலிண்டர் மிஷின். ஃபிரிட்ரிக் கோனிக் என்ற ஜெர்மானியர், அந்திரயாஸ் பௌவர் என்ற கூட்டாளியோடு லண்டனில் செய்தது. 1814 நவம்பர் 29ஆம் தேதி டைம்ஸ் பத்திரிகை நீராவி மிஷினில் அச்சாகி வந்தது. மணிக்கு 1,100 தாள். பலகை போய் உருளை வந்தது. எழுத்துப் படுகை முன்னும் பின்னும் ஓடும், தாளைச் சுற்றிய உருளை அதன்மேல் உருளும், மை தடவும் ரோலர்களும் தாமாகவே வேலை செய்யும். பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாகப் போட ஒருவர், எடுக்க ஒருவர். லண்டன் கூட்டாளிகளோடு மனக்கசப்பு வந்து கோனிக்கும் பௌவரும் 1817இல் ஊர் திரும்பினார்கள். தொழிற்சாலை வைக்க அவர்களுக்குக் கிடைத்த இடம் வூர்ட்ஸ்பர்க் பக்கத்து ஓபர்செல் மடம். மடங்களை அரசு பறிமுதல் செய்த அலையில் துறவிகளை வெளியேற்றிக் காலியாக்கிய கட்டடம் அது. பிற்காலத்தில் இந்த வகை மிஷின்களில் எத்தனை செபப் புத்தகங்கள் அச்சாயின என்று நினைக்கும்போது, அந்தச் சுவர்களுக்கு நல்ல பழிவாங்கல்தான் என்று தோன்றும்.

1858இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ஓட்லி என்ற சிற்றூரில் வந்த வார்ஃப்டேல் வகையை எல்லாரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தாளை வைக்கிற நேரத்தில் உருளை நின்று கொடுக்கும். அதனால் தாள் கோணாது. சக்கரத்தைக் கையால் சுற்றியும் ஓட்டலாம், பெல்ட் மாட்டி நீராவியிலும் ஓட்டலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்த குணமே இந்த இரண்டாவதுதான். கொதிகலன் வாங்கப் பணம் வருகிறவரை ஆளை வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம். நம்மூர்ப் புத்தகக்காரர்கள் பேசுகிற ஃபாரக் கணக்கிலேயே போடுகிறேன். 20 ஃபாரம், அதாவது 320 பக்கம் உள்ள செபப் புத்தகம், 2,000 பிரதி. ஃபாரத்துக்கு ஒரு தாள், தாளுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அடி. ஆக 80,000 அடி. கை அச்சில் மணிக்கு 200, நாளுக்கு பத்து மணிநேரம் என்றால் 40 நாள். சிலிண்டரில் மணிக்கு 800 என்று தாராளம் காட்டாமல் வைத்தாலும் 10 நாள். அப்படியானால் சிலிண்டர்தானே? அவசரப்பட வேண்டாம். அந்த 320 பக்கத்தையும் கோர்ப்பது யார்? பக்கத்துக்கு 1,500 எழுத்து, நல்ல கம்பாசிட்டர் மணிக்கு ஆயிரம் எழுத்து கோர்ப்பார் என்றால் 480 மணிநேரம், ஒரே ஆளுக்கு 48 நாள். ப்ரூஃப் திருத்துவதும் எழுத்தைப் பிரித்துப் போடுவதும் இதில் சேரவில்லை. இரண்டு கம்பாசிட்டர் உள்ள அச்சகத்தில் சிலிண்டர் மிஷின் மாதத்தில் பாதி நாளுக்குமேல் துணி போர்த்திக்கொண்டு தூங்கும். அதன் வாய்க்கு ஈடுகொடுக்க ஐந்து கம்பாசிட்டர் வேண்டும்.

இதே கணக்கைப் பிரதி எண்ணிக்கையை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கறாரான இறையியல் நூல், 500 பிரதிதான் போகும் என்றால் அடி 20,000. சிலிண்டருக்கு இரண்டரை நாள் தீனி. மிஷினைச் சும்மா விடாமல் ஓட்ட இருபது கம்பாசிட்டர் வேண்டியிருக்கும். மறுபக்கம், நாலு ஃபார ஞானோபதேசம், 10,000 பிரதி: கோர்ப்பதற்குப் பத்து நாள், அடி மறுபடி 80,000. கை அச்சில் நாற்பது நாள் தோளை உடைத்துக்கொள்ள வேண்டும். சிலிண்டர் தன் விலையைச் சம்பாதிப்பது இங்கேதான். படித்தவர்களுக்கான பெரிய புத்தகத்தில் இல்லை, பிள்ளைகள் கிழித்துப்போடுகிற சின்னப் புத்தகத்தில்.

இத்தாலியின் தூரின் நகரத்தில், சலேசிய சபையை நிறுவிய குரு தொன் போஸ்கோ இதை அனுபவத்தில் கண்டவர். 1853 மார்ச்சில் ‘லெத்தூரே கத்தோலிக்கே’ என்று மாதம் ஒரு சிறுநூல் ஆரம்பித்தார். எட்டு வருஷத்துக்கும் மேலாக வெளி அச்சகங்களில்தான் அடித்தார். 1861 முடிவில் அரசு அனுமதி கிடைத்து, 1862இல் தூரினின் வால்தோக்கோ பகுதியில் தன் சொந்த அச்சுக்கூடத்தை ஓட்ட ஆரம்பித்தார். பெரிய புது மிஷின் எதுவும் முதலில் வரவில்லை. பழைய மிஷின்கள்தான், சக்கரம் சுற்ற அங்கே தங்கிப் படித்த பையன்கள். அவருக்கு அச்சுக்கூடம் பாதி தொழிற்சாலை, பாதி பள்ளிக்கூடம். தொழில் கற்கும் பையனுக்கு, கையால் இழுத்துப் பழகும் அச்சும் சுற்றிப் பழகும் சிலிண்டரும் நீராவி ராட்சதனைவிட நல்ல வாத்தியார். 15 வருஷம் கழித்து, 1877இல், மாத்தி என்ற ஊரில் ஒரு காகித ஆலையையே வாங்கினார். 1884 தூரின் கண்காட்சியில் காகிதம் செய்வதிலிருந்து புத்தகம் கட்டுவதுவரை எல்லாவற்றையும் ஜனங்கள் முன்னால் ஓட்டிக் காட்டினார்கள் சலேசியர்கள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நிச்சயமான வாசகர், அப்புறம் பழைய மிஷின், அப்புறம் காகிதம், கடைசியாகத்தான் பகட்டு.

மற்ற வகைகளைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். அமெரிக்காவில் பாஸ்டன்காரர் ஐசக் ஆடம்ஸ் 1830இல் செய்த மிஷின் உருளையை விட்டுவிட்டு, பழைய பலகை அழுத்தத்தையே நீராவியில் ஓட்டியது. அச்சு சுத்தமாக விழும். நூல் பதிப்பாளர்கள் கொண்டாடினார்கள். நியூயார்க்கிலோ பாஸ்டனிலோ கடை போடுகிறவருக்கு நல்ல தேர்வு, ஐரோப்பாவில் இருப்பவர் மறந்துவிடலாம். தாளின் இரண்டு பக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கிற இரட்டை உருளை மிஷின் பத்திரிகைக்காரர் சமாசாரம். இரண்டாவது பக்கம் அடிக்கும்போது முதல் பக்கத்து ஈர மை உருளையில் ஒட்டி, அடுத்த தாளில் பேய் மாதிரி நிழலாடும். எழுத்தும் உருளைமேலேயே சுழலும் ரோட்டரி? ரிச்சர்ட் ஹோ 1840களின் பிற்பாதியில் அதைப் பத்திரிகை அச்சுக்குக் கொண்டுவந்தபோதே மணிக்கு 8,000 பிரதி. பிரான்ஸின் அசம்ப்ஷனிஸ்ட் துறவற சபையார் 1873இல் ‘லெ பெலரேன்’ இதழை ஆரம்பித்து, 1883 ஜூனிலிருந்து ‘லா குருவா’வை நாளிதழாக நடத்தினார்களே, அப்படிப்பட்டவர்களுக்கு ரோட்டரி அரிசி பருப்பு மாதிரி. நம் செபப் புத்தகக்காரர் வாங்கினால் காலையில் ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் வருஷத்து வேலையில் பாதி முடிந்துவிடும், மீதி நாளெல்லாம் கடன்காரர் வருவார்.

காலால் மிதித்து ஓட்டும் டிரெடிலை விட்டுவிட மனசில்லை, என் பழைய தோழர். நியூயார்க்கில் ஜார்ஜ் கார்டன் 1850களில் செய்ததுதான் அந்தக் குடும்பத்தின் பெரிய பாட்டன். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கனவில் வந்து சொல்லிக்கொடுத்தார் என்று கார்டன் சொல்லிக்கொண்டாராம். புனிதப் படம், முதல் நன்மை வாழ்த்து அட்டை, இறந்தோர் நினைவுச் சீட்டு, புத்தகத்துக்கு மேலட்டை ஆகியவற்றுக்கெல்லாம் இதைவிட இலாபமான மிஷின் கிடையாது. புத்தகத்தை மட்டும் இதில் அடிக்கக் கூடாது. நாங்கள் அடித்தோம். நாலு நாலு பக்கமாக.

பூசைப் புத்தகத்துக்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மற்ற எந்தப் பதிப்பாளருக்கும் இல்லாத தலைவலி இது. குருவானவர் வாயால் சொல்ல வேண்டியது கறுப்பு; எங்கே முழங்கால் இடுவது, எப்போது சிலுவை வரைவது என்ற குறிப்பெல்லாம் சிவப்பு. ஒரே வரியில் மூன்று சொல் சிவப்பு, ஐந்து சொல் கறுப்பு என்று வரும். கை அச்சில் இதைச் செய்கிற விதத்தைப் பார்த்தால் கைத்தறி நெசவைப் பார்ப்பது போலிருக்கும். தாளுக்கும் எழுத்துக்கும் நடுவே ஓர் இரும்புச் சட்டம் மடங்கி வரும். அதில் தோலோ கெட்டித் தாளோ ஒட்டி, சிவப்பு வர வேண்டிய இடங்களில் மட்டும் கத்தியால் சன்னல் வெட்டியிருப்பார்கள். சிவப்பு மை தடவி அழுத்தினால் சன்னல் வழியாக அந்தச் சொற்கள் மட்டும் தாளில் விழும். பிறகு அந்தச் சொற்களைப் பக்கத்திலிருந்து எடுத்து, வெற்றுக் கட்டைகளால் இடத்தை நிரப்பி, கறுப்பு அடிப்பார்கள். அச்சுக்கு முன் தாளை ஈரப்படுத்துவது அந்தக் கால வழக்கம். காய்ந்தால் தாள் சுருங்கும், சுருங்கினால் இரண்டாவது நிறம் இடம் தவறும். அதனால் சிவப்பு அடித்த தாள்களை ஈரத் துணி சுற்றி வைத்திருந்து, ஈரம் போவதற்குள் கறுப்பை முடிக்க வேண்டும். தாளின் நடுவே முதல் தடவை இரண்டு ஊசிகள் துளைத்த அதே துளையில் இரண்டாம் தடவையும் ஊசியை ஏற்ற வேண்டும். பழைய பூசைப் புத்தகத்தின் மடிப்போரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சில சமயம் அந்தத் துளை இன்னும் தெரியும்.

ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரத்துப் புஸ்டெட் நிறுவனம் சிவப்பு கறுப்பு அச்சில் பெயர் வாங்கி, பூசைப் புத்தகங்களை உலகெங்கும் அனுப்பியது. அவர்களோடு போட்டியிடப் போகிறீர்களா? புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் பதில்: வேண்டாம். மறைமாவட்டத்துக்கு மட்டுமான திருநாள் பூசைகள் நாலு தாளில் வரும். அதைக் கை அச்சில் நிதானமாக அடித்து, வாங்கிய புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிக்கொடுங்கள்.

ஆக என் ஓட்டு, நின்று கொடுக்கும் உருளை உள்ள சிலிண்டர் ஒன்று, கையால் சுற்றுவது. பக்கத்திலேயே பழைய விலைக்கு வாங்கிய இரும்புக் கை அச்சு ஒன்று, ப்ரூஃப் எடுக்கவும் சிவப்பு கறுப்பு வேலைக்கும். கொதிகலன் இப்போது வேண்டாம். மிச்சப்படுகிற பணத்தை எதில் போடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்குப் பாரிஸ் போக வேண்டும்.

ழாக் போல் மிஞ், 1800இல் பிரான்ஸின் நடுமலைப் பகுதியான சேன் ஃபுளூரில் பிறந்தவர், பங்குக் குரு. ஆயரோடு பிணங்கி 1833இல் பாரிஸ் வந்து ஒரு பத்திரிகை ஆரம்பித்தார், விற்றார். பிறகு நகரத்தின் தெற்கு ஓரத்தில் பெத்தி மோன்ரூழ் பகுதியில் ‘அத்தெலியே கத்தோலிக்’ என்ற அச்சுத் தொழிற்சாலையை எழுப்பினார். நீராவி மிஷின், எழுத்து வார்ப்பு, புத்தகக் கட்டு எல்லாம் ஒரே வளாகத்தில். சுமார் 300 வேலையாட்கள். கோயிலுக்கு ஆர்கனும் சிலையும் கூட விற்றார். அந்தக் காலத்துப் பிரான்ஸில் அச்சகம் நடத்த அரசு உரிமம் வேண்டும்; பாரிஸில் மொத்தம் 80 உரிமம்தான், இந்த முறை 1870வரை நீடித்தது. உரிமம் கிடைப்பதே குதிரைக்கொம்பு என்னும்போது, கிடைத்த ஒன்றை வைத்து எவ்வளவு பெரிதாக ஓட்ட முடியுமோ அவ்வளவு பெரிதாகத்தான் யாரும் ஓட்டப் பார்ப்பார்கள்.

மிஞ் எடுத்துக்கொண்ட வேலையைப் பாருங்கள். திருச்சபைத் தந்தையர் எனப்படும் பழங்காலக் கிறிஸ்தவ ஆசிரியர்கள் எழுதியதை எல்லாம் வரிசையாக அச்சிடுவது. இலத்தீன் வரிசை 1844இலிருந்து 1855க்குள் 217 தொகுதி, அட்டவணை நாலு தொகுதி தனியாக. கிரேக்க வரிசை 1857இலிருந்து 1866க்குள் 161 தொகுதி. வருஷத்துக்குச் சராசரியாகப் பதினைந்து தொகுதிக்குக் குறையவில்லை. பக்கத்துக்கு இரண்டு நெடும்பத்தி (column), எண் போடுவதும் பத்திக்குத்தான், பொடி எழுத்து, சுமாரான காகிதம். ஒரு தொகுதியில் 30 லட்சம் எழுத்தாவது இருக்கும் என்பது என் தோராயம். மேலே போட்ட கணக்கின்படி ஒரு கம்பாசிட்டருக்கு 3,000 மணிநேரம். வாங்குகிறவர்களோ குருமடங்கள், நூலகங்கள், கொஞ்சம் வசதியான குருக்கள். ஒரே மூச்சில் பத்தாயிரம் போகிற சரக்கு இல்லை இது, ஐம்பது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற சரக்கு. நம் கணக்குப்படி நீராவி சிலிண்டருக்கு இதைவிடப் பொருந்தாத புத்தகம் கிடையாது!

அப்புறம் எப்படி ஓட்டினார்? ஸ்டீரியோவால். கோர்த்த பக்கத்தின்மேல் சுண்ணச் சாந்தையோ, 1829இல் லியோன்காரர் கிளோத் ழெனூ உரிமம் வாங்கிய முறைப்படி ஈரக் காகிதக் கூழையோ அழுத்தி அச்செடுத்து, அதில் ஈயம் வார்த்தால் முழுப் பக்கமும் ஒரே தகடாக வரும். தகடு வந்ததும் எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்டுவிடலாம், அடுத்த தொகுதிக்கு அதே ஈயம். பக்கங்களை எழுத்தாகவே கட்டிவைக்கப் பார்த்தால் என்ன ஆகும்? மிஞ் அளவுப் பக்கம் ஒன்று ஆறேழு கிலோ தேறும். 650 பக்கத் தொகுதிக்கு நாலு டன் ஈயம். இருநூறு தொகுதிக்கு? ஈயத்தின் கதை அங்கேயே முடிந்தது. தகடாக்கினால் எடை ஆறில் ஒரு பங்குக்கு இறங்கும், காகிதக் கூழ் அச்சாகவே வைத்துக்கொண்டால் அலமாரியில் அடுக்கிவிடலாம். முதலில் கொஞ்சம் பிரதி அடித்து, கேட்கக் கேட்க மறுபடி அடிக்கலாம். கிடங்கில் காகிதம் செல்லரிக்காது. மிஞ்சைப் பற்றிப் பேசுகிறவர்கள் நீராவியை வியப்பார்கள். அவருடைய தொழிலைத் தூக்கி நிறுத்தியது இந்தத் தகடுகள் என்பது என் கட்சி.

கத்தோலிக்கப் புத்தகத்துக்கு ஸ்டீரியோ இன்னொரு வகையிலும் பொருந்தும். ஆயர் ஒப்புதல் கொடுத்த ஞானோபதேசத்தில் நாளைக்கு ஒரு வரியை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. புதினம், அறிவியல் நூல் என்றால் ஒவ்வொரு பதிப்பிலும் ஆசிரியர் கையை வைப்பார். செபத்தில் யார் வைப்பது? என்றாலும் அவ்வப்போது ரோமையிலிருந்து சேதி வரும். 1854 டிசம்பர் 8ஆம் தேதி மரியாளின் அமலோற்பவம் விசுவாச சத்தியமாக அறிவிக்கப்பட்டபோது பழைய தகடுகள் அப்படியே போதவில்லை. ஓரிரு சொல் என்றால் தகட்டில் அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, புது எழுத்தைச் சொருகிப் பற்றவைப்பார்கள். கேள்வி பதில் முழுசாகச் சேர்வதென்றால் அந்தப் பக்கத்தைப் புதிதாகக் கோர்த்து ஒரு தகடு. மீதி முந்நூறு பக்கத்தை யாரும் தொட வேண்டாம், ‘கொள்ளும்’ ‘கொல்லும்’ ஆகிற பயம் இல்லை.

ஆகவே மிச்சப்படுகிற பணம் ஸ்டீரியோ வார்ப்புக் கூடத்துக்குப் போகட்டும் என்பேன். அடுப்பு ஒன்று, வார்ப்புப் பெட்டி ஒன்று, சீவி மட்டம் செய்யும் பட்டறை ஒன்று, கைத்திறன் உள்ள ஓர் ஆள். கொதிகலனையும் நீராவி எஞ்சினையும்விடச் செலவு எவ்வளவோ குறைவு. எல்லாப் புத்தகத்துக்கும் தகடு எடுக்க வேண்டியதில்லை. ஒரே திருவிழாவுக்கான மலருக்கு எதற்கு? இரண்டாம் முறை கேட்பார்கள் என்று மனசுக்குப் பட்டால் எடுக்க வேண்டும். எங்கள் நவநாள் புத்தகத்துக்கு எனக்கு அப்படிப் படவில்லை, அது வேறு விஷயம்.

ஒரே ஒரு நிபந்தனை சொல்வேன். காகித அச்சுகள் ஒரு கட்டடத்தில், தகடுகள் இன்னொன்றில், மிஷின் மூன்றாவதில் இருக்க வேண்டும். மிஞ் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்தார். 1868 பிப்ரவரி 12ஆம் தேதி இரவு அங்கே தீப்பிடித்தது. இருபது வருஷத்துக்கும் மேலாகச் சேர்த்த லட்சக்கணக்கான தகடுகள் விடிவதற்குள் உருகி ஒன்றோடொன்று கலந்துவிட்டன. மிஞ் 1875இல் இறந்தார். அந்த வரிசைகளைப் பிறகு கார்னியே என்ற பாரிஸ் பதிப்பகம் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. அந்தப் பதிப்பு தரத்திலும் உள்ளடுக்கிலும் எல்லா இடத்திலும் மூலத்தோடு ஒத்துப்போகவில்லை. அகுஸ்தினாரின் ‘பாவசங்கீர்த்தனங்கள்’ இலத்தீன் வரிசையின் 32ஆம் தொகுதியில் 659ஆம் பத்தியில் தொடங்குகிறது என்று இன்றைக்கும் அடிக்குறிப்பு போடுகிறோம். இப்படி ஒரு பத்தி எண்ணை வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போகிறவர் தொகுதியைப் பிரித்ததும் முதலில் தலைப்புப் பக்கத்தின் அடியைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது, வருஷம் 1868க்கு முன்னாலா, பின்னாலா என்று.